புதுக்குடியிருப்பு, 320 பிக்சல்

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்கு
ரெண்டு பஸ் ஓடுது,
போனில் சீட் பிடிக்க ஒரு பக்கம் வேணும் என்றார்
மரியநாயகம்.

ஊருக்கொரு பொத்தான் வைத்தேன்.
விசுவமடு அடங்கியது.
உடையார்கட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு அடங்கியது.
புதுக்குடியிருப்பு மட்டும் மிதிபலகையில்,
ஒரு கால் வெளியே.

ஓவர்ஃப்ளோ ஹிடன், மூன்று புள்ளி,
முடிந்தது வேலை என்று
கொழும்பிலிருந்து எழுதினான் ரொஷாந்த்.
போட்டுப் பார்த்தேன்.
'புதுக்குடி…'
இருப்பைக் காணோம்.

அப்ப பி.டி.கே. என்று போடன்.

அறிக்கைகளில் அப்படித்தான் கிடந்தது.
அங்கே பிறந்த ஒருவரும்
அப்படி ஒரு ஊருக்கு டிக்கெட் கேட்டதில்லை.

கரண்ட் போனது. வந்தது.
பொத்தானுக்கு நான் கொடுத்த அகலத்தை அழித்தேன்:
மேக்ஸ் கன்டென்ட்,
பெயர் எவ்வளவோ அவ்வளவு.
ஃப்ளெக்ஸ் ராப்,
இடமில்லாதது அடுத்த வரிசைக்கு இறங்கட்டும்.
லைன் ஹைட் ஒன்று தசம் ஆறு;
டியின் மேல்விலங்கும் ருவின் வாலும்
வெட்டுப்படாமல் தப்பின.

மரியநாயகம் போனைச் சாய்த்தார், நிமிர்த்தினார்,
கையை நீட்டித் தூரத்தில் பிடித்தார்.
"எழுத்து காணாது பிள்ளை,
கண்ணாடி போடாமல் தெரியோணும்."

பெரிதாக்கினேன்.
உடையார்கட்டும் இறங்கிக்கொண்டது.