துணைக்கால்

மூன்று நாளாய் ஊருக்கே தெரிந்திருக்கிறது,
எனக்குத்தான் தெரியவில்லை.
உப்புவெளியிலிருந்து பாலையூற்றுப் பள்ளிக்கூடம்,
பள்ளிக்கூடத்திலிருந்து மீன் சந்தை,
சந்தையிலிருந்து வீடு.
என் ஆல்ட்டோவின் பின்கண்ணாடியில்
காய்ந்த சேற்றில் யாரோ விரலால் எழுதியதை
நானே சுமந்து திரிந்திருக்கிறேன்:

மட்பிளப் போடு

பிளாப்பில் கால் இல்லை.
இருபத்திரண்டு வருடமாய்த் தமிழ் படிப்பிக்கிறவள்.
கோபம் வருமுன் கண் அங்கேதான் போனது.
சூடை மீன் கழுவிய கையோடு
அந்தத் துணைக்காலை நானே இழுத்துவிட்டேன்.
பிறகுதான்
யார் என்று யோசித்தேன்.

அநுராதபுரச் சந்தி, வியாழன் காலை.
வாசல்வரை தேங்கிய வெள்ளத்தை
முதலாம் மணி அடித்துவிடும் என்று
மூன்றாம் கியரிலேயே கடந்தேன்.
பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள்,
சட்டைக்குள் பைலைச் செருகிய பெடியன்.
வெள்ளைச் சட்டை. கச்சேரிக்கோ, நேர்முகத்துக்கோ.
கண்ணாடியில் கபில நிறமாகி
அப்படியே சின்னதாகிப் போனான்.
மழையென்றால் நனையத்தானே வேணும் என்று
வைப்பரின் வேகத்தைக் கூட்டினேன்.

எங்கே நிறுத்தியிருந்தபோது கண்டுபிடித்தானோ.
ஆணியால் கீறியிருக்கலாம்.
கல் எடுத்திருக்கலாம்.
எழுதிவிட்டுப் போயிருக்கிறான்,
ஒருமையில்.

சென்ரல் றோட்டில் ஒரு செட் மூவாயிரத்து இருநூறு.
"பூட்டித் தரட்டோ டீச்சர்? ஐந்நூறுதான்."
வேண்டாம் என்றேன்.
சேறு அடித்தவள் நான்.

சனிக்கிழமை. எங்கள் வளவு கடல் மணல்.
ஜக்கை உயர்த்த உயர்த்தக் கார் உயரவில்லை,
ஜக்தான் தாழ்ந்தது.
மீன் வெட்டும் பலகையை அடியில் வைத்தேன்.
ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்ததும்
பஸ்ஸில் முழங்காலை ஒதுக்கி வழி தருகிறவர் போலச்
சில்லு கொஞ்சம் விலகிக்கொண்டது.

உள்ளே கரண்டியால் சுரண்டினால்
முதலில் எங்கள் மணல்,
பிறகு செம்மண்,
அதற்கும் கீழே எனக்குத் தெரியாத ஒரு கறுத்தக் களி,
அதில் ஒட்டிய நெல் உமி.
"கொழும்புக்குள் மட்டும் ஓடின கார் தங்கச்சி"
என்று சத்தியம் பண்ணி விற்றவரை
நினைத்துச் சிரித்தேன்.

பெட்டிக்குள் கடதாசி இருந்தது. படம் மட்டும்.
இடது, வலது என்று குறித்த எழுத்து
காருக்கு இடமா,
காரைப் பார்த்து நிற்கிற எனக்கு இடமா?
எனக்கென்று எடுத்துப் பூட்டி,
கழற்றி,
காருக்கென்று பூட்டினேன்.
ஒரு துளை ஏற்கனவே இருந்த துளையோடு சரி.
மற்றதற்கு ரிஸ்மியாவின் ட்ரில்.
அவள் ஹோட்டல்களுக்குத் திரைச்சீலை பூட்டுகிறவள்,
கொங்கிறீட்டையே தோசை போலத் துளைப்பவள்.
தகரம் சத்தம் போட்டபோது
கண்ணை மூடிக்கொண்டது நான்தான்.

விழுந்த திருகாணியை மணல் விழுங்கிற்று.
குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த
காந்தத் திமிங்கிலத்தைக் கொண்டுவந்து மேயவிட்டேன்.
இரண்டு குண்டூசி, ஒரு சோடா மூடி,
கடைசியில் அதையும் பிடித்தது.

ஞாயிறு மழை.
ஸ்கூட்டியின் முன்னால் பழைய வெள்ளை விரிப்பைக் கட்டி
ரிஸ்மியா பின்னால் வந்தாள்.
அதே சந்தி. அதே பள்ளம்.
அதே மூன்றாம் கியர்,
வேண்டுமென்றே.
ஓரமாய் நிறுத்தி ஓடிப்போய்ப் பார்த்தேன்:
இடப்பக்கம் சுத்தம்,
வலப்பக்கம் ஒரு காற்புள்ளி அளவு சேறு.
"சதமடிக்க விடமாட்டீங்களே," என்றாள்
நான் விரிப்பைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதைக் கண்டு.

மிஞ்சிய ஒரு திருகாணி
இன்னும் சில்லறைத் தட்டில் கிடக்கிறது.
எங்கே போகவேண்டியதோ.

சந்தியில் இப்போது மெதுவாகிறேன்.
அந்தப் பெடியனைத் தேடினால்
காலை எட்டு மணிக்கு
எல்லாப் பெடியன்களும் வெள்ளைச் சட்டை.

எழுத்தை மழை கழுவிவிட்டது.
மீன் நெய்யோ என்னவோ,
விடியப்புறம் பனி படர்ந்தால்
பின்கண்ணாடியில்
நான் போட்ட கால் மட்டும் தெரிகிறது,
துணை நிற்க
எழுத்தில்லாமல்.