எட்டொன்றாய்

இறப்பர் குமிழ் பிடிக்கவில்லை.
அழுத்தினேன், வழுக்கியது.
ஆறு குமிழில் நாலு
நல்லரெத்தினத்தின் நெஞ்சை விட்டு நழுவி
கட்டில் சட்டத்தில் தொங்கின.

தோலெல்லாம் கபில நிறப் பூச்சு,
ஓரம் காய்ந்து வெடித்து, நடுவில் இன்னும் ஈரமாய்.
"என்ன பூசின?"
"மருதம்பட்டை" என்றது
திரைச்சீலைக்கு அப்பால் ஒரு குரல்,
களவில் பிடிபட்ட பிள்ளையின் குரல்.

ஸ்பிரிட் பஞ்சு மூன்று. மறுகா ஒன்று.
துடைக்கத் துடைக்க
களுவாஞ்சிகுடி ஆஸ்பத்திரியின் ஃபினைல் வாசத்துக்குள்
ஆற்றங்கரை ஒன்று கசந்தபடி வந்து நின்றது.

தாள் நகர்ந்தது.
படுத்து ஓடவேண்டிய கோடு
முதுகு வளைத்து எழுந்து நின்றது.
அதை வாசித்துச் சொல்ல எனக்கு அனுமதியில்லை.
பதினொரு வருஷமாய்க் கிழித்துக் கொடுக்கிறேன்,
வாசிக்காமல் இருக்கத்தான் தெரியவில்லை.

டொக்டர் றிஃபாயா திட்டவில்லை.
"எத்தனை மணிக்குத் தொடங்கினது?" என்றார்.

ஏழரைக்கு. மண்டூரில். சோற்றில் கை வைத்த நேரம்.
வாயு எண்டு உள்ளி சுட்டுத் தின்டவர்.
இடக்கைக்கு இறங்கின பிறகுதான்
பரியாரி போன மாசம் தந்த பட்டையை இடிச்சன்,
எட்டுச் சுண்டு தண்ணி வார்த்து
ஒரு சுண்டாய் வத்தக் காய்ச்சினன்.
விறகு ஈரம், டொக்டர்.
மிஞ்சின சக்கையை நெஞ்சில அப்பினன்.
துறைக்கு வந்தா பாதை அக்கரையில நிக்குது.
தோணிக்காரனை எழுப்பி...

சுவர் மணிக்கூட்டில் பதினொன்றே கால்.

எட்டு ஒன்றாகும் கணக்கு
சீனிப்பிள்ளைக்குப் பிசகாது.
ஏழு சுண்டு ஆவியாய்ப் போன பொழுதில்
அடைபட்ட குழாய்க்குக் கீழே
இன்னொன்றும் வற்றிக்கொண்டிருந்தது.
அதை அளக்கச் சுண்டில்லை.

கடித்துத் தின்னக் குளிசை,
கட்டி கரைக்க ஊசி.
சொட்டுச் சொட்டாய் அது ஏறும்போது
டொக்டர் கை நீட்டினார்: "போத்தலைத் தாங்க."
சேலைத் தலைப்புக்குள்ளிருந்து ஒரு சோடாப் போத்தல்
தயங்கி வெளியே வந்தது.
"எவ்வளவு குடிச்சவர்?"
"ஒரு மடக்கு. அதையும் சத்தி எடுத்திட்டார்."
மணந்து பார்த்தார். எழுதினார்:
மருதம்பட்டைக் கசாயம். அளவு தெரியாது.

விடியப்புறம், ஆறிய பிளேன்ரீயோடு, கேட்டேன்.
"பொய்யெண்டு சொல்ல மாட்டன்.
நடந்தா வலிச்சு நிண்டா விடுகிற நெஞ்சுக்கு,
குளிசையோட சேர்த்துக் குடுத்துப் பார்த்திருக்காங்க.
கொஞ்சப் பேர். கொஞ்ச மாசம்.
சிலதில வலி குறைஞ்சிருக்கு, சிலதில பெரிசா இல்ல.
ஒவ்வொருத்தர் பட்டையும் ஒவ்வொரு அளவு.
ஆனா இது வேற வலி.
இந்த வலிக்கு அடுப்பு மூட்டுற நேரமில்ல."

நாலாம் நாள் அவர் எழுந்திருந்து
ஆஸ்பத்திரிச் சோற்றில் உப்பில்லை என்று சண்டை பிடித்தார்.
சீனிப்பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டாள்:
"ஊசியும், பட்டையும், மண்டூர்க் கந்தனும்
மூணு பேருமாச் சேந்து காப்பாத்தினதுகா."

கந்தனைப் பற்றி என் மெஷினுக்கு ஒன்றும் தெரியாது.
மற்ற இரண்டுக்கும் தாள்கள் இருந்தன.
பக்கத்தில் பக்கம் விரித்தேன்.
இது வந்த உடனே எடுத்தது, கோடு ஏறி நிற்குது பார்.
இது ஊசி முடிந்து ஒன்றரை மணித்தியாலத்தால்.
இறங்கியிருக்கு பார்.

இமைக்காமல் பார்த்தாள்.
வலையில் கண் அறுந்த இடத்தைத் தேடுகிறவள் போல
விரலால் கோட்டின் மேலே நடந்தாள்.
"அப்ப, பட்டை?"

முதல் தாளின் மூலையைக் காட்டினேன்.
அவசரத்தில் நான் கிழித்த இடம்.
கபில நிறத்தில், ரேகை பிசகாமல்,
என் பெருவிரல்.