அனுமதிக்கவா, தடுக்கவா

அறுபது வினாடியில் அணைந்துவிடுவேன் என்றது
திரை நடுவே ஒரு சாம்பல் சதுரம்.
ஐம்பத்தொன்பது. ஐம்பத்தெட்டு.
ரொட்டிக்கடைக்காரரின் ஈஸ்ட் செலவைத்
தட்டிக்கொண்டிருந்தேன்.
இருபத்தைந்தாம் தேதிக்குள் போயாக வேண்டிய படிவம்.
எதைச் சேமிப்பது என்று தேடி முடிப்பதற்குள்
கறுத்த கண்ணாடியில் என் முகம்,
வாய் திறந்தபடி.

லுப்ளினில், எட்டாவது மாடியில்,
எனக்கு வாசல் ஒன்றுதான்.
அதற்கு இரண்டு பூட்டு, ஒரு சங்கிலி,
எட்டிப் பார்க்க ஒரு கண்ணாடித் துளை.
மேல்மாடி யாரெக் சொல்கிறான்
இந்தப் பெட்டிக்கு வாசல்கள்
அறுபத்தைந்தாயிரத்து ஐந்நூற்று முப்பத்தைந்தாம்.
வீட்டுக்கு வீடு வாசற்படி, சரி.
ஒரே வீட்டுக்கு இத்தனையா?

"ஆன்டிவைரஸ், உள்ளே வந்துவிட்டவனைப் பிடிக்கும்.
ஃபயர்வால், வருகிறவனையும் போகிறவனையும்
யாரென்று கேட்கும்.
இரண்டும் வேண்டும்" என்றான்,
என் பிளம் கேக்கில் மூன்றாவது துண்டை எடுத்தபடி.

லெஷெக் கடைக்குப் போய்
மூன்று கணினிப் பத்திரிகைகள் வாங்கி வந்தார்.
மூன்று குறுந்தகடு. மூன்று முதல் பரிசு.
பரிசு வாங்கியது எதுவென்று தெரிய
கட்டுரையைப் படிக்க வேண்டியதில்லை,
அடுத்த பக்கத்தின் முழுப்பக்க விளம்பரம் போதும்.
ஒரு வருடச் சந்தா
என் பனிக்காலச் செருப்பில் இடதுகால் விலை.
இரண்டு வருடம் போட்டால் ஜோடி.
"சும்மா கிடைப்பதை விட்டுக் காசு கொடுப்பானேன்"
என்று இலவசமானதில் இரண்டை ஏற்றினார்,
ஒன்றுக்கு இரண்டாய் இருக்கட்டுமென்று.

அன்றிரவே முதலாவது
இரண்டாவதை வைரஸ் என்று பிடித்துப் பூட்டியது.
இரண்டாவது, பூட்டுக்குள் இருந்தபடியே
முதலாவதின் மேல் புகார் கொடுத்தது.
பெட்டி, முழங்கால் பனியில் நடப்பதுபோல் நடந்தது.
வேலி பயிரை மேய்ந்ததாகக் கேட்டிருக்கிறேன்.
வேலியை வேலி மேய்ந்ததை
அன்றுதான் பார்த்தேன்.

இரண்டையும் பிடுங்கி எறிந்துவிட்டு
ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். காசு கொடுத்தேன்.
நட்சத்திரங்களை எண்ணவில்லை.
"தடுக்கப்பட்டது" என்பதை
எங்கள் மொழியில் பிழையில்லாமல் எழுதியிருந்தது
அது ஒன்றுதான்.
நான் கணக்கு எழுதுகிறவள்.
எழுத்தைச் சரிபார்க்காதவன்
எண்ணையும் சரிபார்க்க மாட்டான்.

அப்புறம் ஆரம்பித்தது கேள்வி.
ஏதோ ஒன்று வெளியே போக விரும்புகிறது.
அனுமதிக்கவா, தடுக்கவா?
எங்கே போகிறது, யாரைப் பார்க்க,
எத்தனை மணிக்குத் திரும்பும்?
அதெல்லாம் இல்லை. நாலு எண், நடுவே மூன்று புள்ளி.
தடு.
தடு.
தடு.
பிரின்டர் ஊமையானது.
கடிகாரம் நாளுக்கு நாலு நிமிடம் பின்தங்கியது.
ஷ்செச்சினில் இருக்கும் சதுரங்கத் தோழர்,
குதிரையை இழந்த வெட்கத்தில்
லெஷெக் ஓடிவிட்டார் என்று முடிவுகட்டினார்.

அந்த வாரத்தில் ஒரு மாலை
ஒரு கை எலியின் மேல், தடு என்பதில் இருக்க
கீழே யாரோ இன்டர்காமை அழுத்தினார்கள்.
"நான்தான்."
மறு கை தானாய் நீண்டு பொத்தானை அழுத்தியது.
கீழே கதவு திறந்த சத்தம்.
எண்பது வீடுகள் உள்ள கட்டடம்.
எந்த நான்?
கண்ணாடித் துளையில் கண் வைத்து நின்றேன்.
லிஃப்ட் ஆறில் நின்றது.
அவ்வளவுதான் தெரியும் இன்றுவரை.

மறுநாள் மழை. மறுபடியும் "நான்தான்."
இம்முறை கேட்டேன்:
பெயர்? எங்கிருந்து? யாரைப் பார்க்க?
கம்பிவழியே கொஞ்ச நேரம் மழை மட்டும்.
"லெஷெக். காய்கறிச் சந்தையிலிருந்து.
பத்தொன்பது வருடமாய்
உன்னைத்தான் பார்க்க வருகிறேன்.
உருளைக்கிழங்குப் பை கிழிகிறது."

எப்போதும் அனுமதி என்று
நிரந்தரமாய்க் குறித்துவைக்க
இன்டர்காமில் கட்டம் எதுவும் இல்லை.
அழுத்தினேன்.

படிவம் ஒரு நாள் தாமதம்.
காரணம் கேட்ட இடத்தில்
"புழு" என்று எழுதி அனுப்பினேன்.
வரி அலுவலகப் பெண் தொலைபேசியில் கேட்டாள்:
"எந்தப் பயிரில்?"