அரை ஆடு ஏறாது

சிலோயே தீவில், மழை விட்ட படகுத்துறையில்,
நோல்பா மன்சில்யா
மீன்பெட்டி மூடியைக் கவிழ்த்துப் போட்டுக் கோடு கிழிக்கிறாள்.
படுத்த கோடு செம்மறிக்கு,
நின்ற கோடு உருளைக்கிழங்கு மூட்டைக்கு.
ஆடு நாற்பது கிலோ, மூட்டை ஐம்பது.
ஓட்டுபவர் நீங்கலாக
அறுநூறுக்கு மிகாமல் என்கிறது
படகின் விலாவில் அறைந்த தகரம்.

ஆடு மட்டுமென்றால் பதினைந்து.
மூட்டை மட்டுமென்றால் பன்னிரண்டு.
இரண்டையும் இணைக்கிறாள், விட்டுவிட்டு அல்ல,
அழுத்தி, ஒரே இழுப்பில்:
சரியாக அறுநூறும் மிதக்கும்.
கோட்டுக்குக் கீழே கரி தேய்க்க
கறுத்துக் கிடக்கிறது ஒரு முக்கோணம்.

"அடேயப்பா, இவ்வளவு இடமா!"
ஆட்டுக்காரர் பாரியா குனிந்து பார்க்கிறார்.
"பூராவும் இடமில்லை. அரை ஆடு ஏறாது.
முழுப் புள்ளிகள் மட்டும்தான்."
"அப்போ இந்த இடது பக்கம்?"
"அது நீங்கள் எனக்குத் தரவேண்டிய ஆடுகள்."

பத்து ஆடு, நான்கு மூட்டை.
கோட்டின் மேலேயே குந்தியிருக்கிறது இன்றைய சரக்கு.
கயிறு அவிழ்த்தாயிற்று.

அப்போதுதான் ஓடி வருகிறாள் உபெர்லிந்தா,
தாடையைச் சுற்றிக் கம்பளித் துண்டு.
அக்கரைக்குப் பல் டாக்டர்
செவ்வாய்க்கிழமை மட்டும்தான்.
எடை கேட்பது மரியாதையில்லை;
நோல்பா கண்ணாலேயே நிறுக்கிறாள்: எழுபது.
சாய்வு மாறாமல்
கோடு உள்ளே ஓரடி வைக்கிறது.

பாரியா திட்டுகிறார், வானத்தைப் பார்த்து.
மிச்சம் பத்து கிலோ
அலைக்கு இருக்கட்டும் என்று விட்டாள்.
வலிக்கு எடை போடவில்லை.

முக்கோணத்துக்கு வெளியே
இறக்கிவிட்ட இரண்டு செம்மறிகள்
ஈரக் கயிற்றை மென்றுகொண்டு நிற்கின்றன.