பத்து மணிக்கு ஒரு கிண்ணம்

உலான்பாத்தர். சன்னலுக்கு வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
மூன்றாம் மாடி, ஈரல் வார்டு,
என் இரவு.

பூரெவ்ஜாவின் வயிற்றில்
இரண்டு பேனாக் கோடுகள் போட்டிருக்கிறேன்,
தொப்புளுக்கு இடமும் வலமும்.
நேற்று போன வழியிலேயே
இன்றும் நாடா போக வேண்டும்.
இல்லாவிட்டால்
நீர் ஏறியதா, என் கை இறங்கியதா,
யார் கண்டது?
நூற்று நான்கு.
"டயரைக்கூட நான் இப்படி அளந்ததில்லை" என்கிறார்
முப்பது வருடம் நிலக்கரி லாரி ஓட்டியவர்.

பத்து மணிக்குத் தயிர், ரொட்டி.
எட்டுக்கு மேல் உணவில்லை என்பது
எனக்கு முன்பே இங்கிருந்த விதி.
யார் போட்டது என்று கேட்டேன்.
ஒருவருக்கும் தெரியவில்லை.
பழுதான ஈரல் சேமித்து வைக்காது,
நீண்ட இரவில் உடம்பு
தன் தசையையே எடுத்து அடுப்பில் வைக்கும்:
ஆய்வுகளை அச்செடுத்து, அடிக்கோடிட்டு,
தலைமைச் செவிலி ஓட்கெரெலின் மேசையில் வைத்தேன்.
படித்தார்.
மூன்று வாரம் படித்தார்.
பிறகு ஒன்றும் சொல்லாமல்
குளிர்பெட்டிச் சாவியைத் தந்தார்.

அப்புறம் கையெழுத்து.
தினம் அதே தாள், அதே பேனா, அவர் பெயர்.
திங்கள், நெடுஞ்சாலை மாதிரி நேர்.
புதன், கொஞ்சம் மேடு.
வியாழன்,
கடைசி எழுத்து கோட்டைவிட்டு இறங்கிப்
பள்ளத்தில் கிடந்தது.
"தூக்கம்" என்றார்.
"தூக்கம்தான்" என்றாள் மனைவி செண்ட்மா.
கைகளை நீட்டச் சொன்னேன்.
மணிக்கட்டுகள் விழுந்து விழுந்து எழுந்தன,
யாருக்கோ விடைகொடுப்பதுபோல்.
தினமும் வெளிக்குப் போகிறது என்று
மூன்று நாளாக என்னிடம் பொய் சொன்னதை
அப்போதுதான் ஒப்புக்கொண்டார்.
வெட்கமாம்.

டாக்டரை எழுப்பினேன்.
ரத்தம் எடுத்தோம்.
லாக்டுலோஸ், தேன்போலக் கெட்டியாக,
செண்ட்மா கரண்டியால் ஊட்டினாள்.

சனிக்கிழமை மூன்று முறை கழிவறை.
மூன்றாவது முறை திரும்பி வரும்போது
என்னையும் என் அம்மாவையும்
எங்கள் ஆஸ்பத்திரியையும் திட்டினார்,
முழு வாக்கியங்களில், ஒரு சொல் இடறாமல்.
குறிப்பேட்டில் எழுதினேன்:
தெளிவாக இருக்கிறார்.

கட்டி சுருங்கவில்லை.
அதற்கு என்னிடம் அடிக்கோடிட்ட தாள் இல்லை.
ஸ்கேன் வந்த அன்று
மூவரும் சும்மா உட்கார்ந்திருந்தோம்;
அவர் அரிப்பெடுத்த முதுகில்
செண்ட்மா களிம்பு தடவினாள்,
நகம் படாமல், நான் காட்டித் தந்த மாதிரி.

இன்றைய தாள் இதோ.
பெயர், கோட்டின் மேலேயே.
நான் கேட்காமல் அதன் கீழே
இன்னொரு வரி, அதுவும் நேராக:
தயிர் புளிக்கிறது.

தேதி போட்டேன்.
கோப்பில் வைத்தேன்.