பதிவில் வராதது

திங்கட்கிழமை, எட்டே முக்கால்.
டெல்ஃபோர்ட் கவுண்டி நீதிமன்றம், இரண்டாம் மாடி.
ரேடியேட்டர் இருமுகிறது.
வெளியே தானியக் கிடங்கின் தலையில் பனி.
ஜூரிகளின் பன்னிரண்டு நாற்காலிகளில்
பிரித்து வைத்த கிறிஸ்துமஸ் மரம்,
உடைந்த மின்விசிறி,
யாரோ மறந்துபோன ஒற்றைக் கையுறை.
நான் வேலைக்குச் சேர்ந்த பதினொரு வருடத்தில்
ஒரு திருட்டு வழக்குக்காக அவை நிரம்பியது
மூன்றே முறை.

சொன்னதைச் சொன்னபடி தட்டுவது என் வேலை.
நீதிபதி தும்மினால் தட்ட வேண்டாம்.
தாழ்வாரத்தில் பேசுவதையும் தட்ட வேண்டாம்.

வழக்கு நடப்பதோ தாழ்வாரத்தில்தான்.
காபி இயந்திரத்துக்கும் கழிப்பறைக்கும் நடுவே
அரசு வழக்கறிஞர் மெரிடித் ஸ்டாலிங்ஸ்,
கை நிறைய முப்பத்தாறு கோப்புகளோடு
ஏழைகளின் வழக்கறிஞர் ஓர்வில் பெக்.
இருவருக்கும் இடையில்
ஒரு கம்ப்ரசர், இரண்டு ஆணித் துப்பாக்கிகள்.
பொருள் அங்கே இல்லை. விலை மட்டும் நிற்கிறது.

"புதுசா வாங்கினா ஆயிரத்து நூத்தி நாற்பது."
"நாலு வருஷப் பழசு மெரிடித். குழாய் வேற கிழிசல்."

ஆயிரம் டாலர் என்பது இங்கே ஒரு வரப்பு.
அந்தப் பக்கம் பெருங்குற்றம்;
வாடகைக்கு வீடு கேட்கும் படிவத்தில்
சாகும்வரை டிக் அடிக்க வேண்டிய ஒரு கட்டம்.
இந்தப் பக்கம் சிறுகுற்றம்.
ஒரு கிழிந்த குழாய்
ஆளைத் தூக்கி இந்தப் பக்கம் போடுகிறது.

துண்டுக்கடியில் விரல் பிடித்து
மாட்டுக்கு விலை பேசும் சந்தைகள் உண்டாம்.
இங்கே கோப்புக்கடியில்.
எழுநூற்று இருபதில் படிந்தது.
மாட்டுக்கு இன்னும் தெரியாது.

மாடு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது.
டாரல் ஹாக்ஸ்டன், இருபத்தாறு வயது,
மடிப்புக் கலையாத இரவல் சட்டை.
ஆயிரத்து ஐந்நூறு டாலர் ஜாமீன் கட்ட ஆளில்லாமல்
நாற்பத்தொரு நாள் உள்ளே.
கோழிப் பண்ணை வேலை ஏழாம் நாளே போயிற்று.
"கையெழுத்துப் போட்டா இன்னிக்கே வீடு.
மாசம் நாற்பது டாலர், பதினெட்டு மாசம்.
மாட்டேன்னா விசாரணை, ஜூன்ல."
பெக் பொய் சொல்கிறவர் அல்ல. அவருக்கு நேரமில்லை.

"எடுத்தேன் சார், இல்லேங்கல.
ஆனா ஒரு துப்பாக்கிதான். ரெண்டு இல்ல."
"ஒண்ணோ ரெண்டோ, காகிதம் ஒண்ணுதான்."

ஒன்பது பதினாறு. எல்லோரும் எழுந்து உட்கார்ந்தோம்.
உரிமைகளை விட்டுக்கொடுப்பது புரிகிறதா?
ஆம் ஐயா.
யாரும் மிரட்டவில்லையே?
ஆம் ஐயா. இல்லை, ஐயா.
குற்றப்பத்திரிகையில் சொன்னபடியே செய்தாயா?

நான்கு விநாடி.
அவன் பெக்கைப் பார்த்தான்.
பெக் அடுத்த கோப்பைப் பார்த்தார்.
என் மெஷினில் எல்லாச் சத்தத்துக்கும் சாவி உண்டு,
அந்த நான்கு விநாடிக்கு இல்லை.
ஆம் ஐயா.

ஒன்பது இருபத்தொன்று.
சுத்தியல்கூட யாரும் தட்டவில்லை.

கதவைத் திறந்துகொண்டு வந்தார் லோனி பெட்டிஸ்,
கூரை வேய்கிறவர், பொருளுக்கு உடையவர்,
ஈரம் வைத்து வாரிய தலை,
பழைய பில்லின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிய பேச்சு.
"முடிஞ்சிருச்சா? என்னைக் கூப்பிடவே இல்லையே."
நான் மெஷினை மூடிக்கொண்டிருந்தேன்.
"ஒரு துப்பாக்கி வண்டி சீட்டுக்கடியிலயே கிடந்துச்சும்மா.
போன வாரம்தான் பார்த்தேன்.
அதைச் சொல்லலாம்னுதான்."

வலப்பக்கம் மூன்றாவது கதவு, மெரிடித்தின் அலுவலகம்,
அங்கே சொல்லுங்கள் என்றேன்.
வாசலில் ஐந்து பேர் காத்திருந்தார்கள்.
ஜன்னலில் பனி கனத்துக்கொண்டிருந்தது.
அவருக்கு ஒரு பாதிக் கூரை காத்திருந்தது.
தாளை நான்காய் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அன்று மாலை பக்கங்களைச் சரிபார்த்தேன்.
ஆம் ஐயா, பதினான்கு இடத்தில்.
ஒரு பிழைகூட இல்லை.
கீழே என் பெயர்: லோர்னா வான்டிவர்.
உண்மையான நகல் என்று
கையெழுத்துப் போட்டேன்.