ஜீரோ கேட் வரிசையில்

ராத்திரி ஒன்றே முக்கால்.
முன்னால் எத்தனை டிரெய்லர் என்று எண்ணுவதை
திருவொற்றியூரிலேயே விட்டுவிட்டேன்.
நாற்பதடிப் பெட்டி.
உள்ளே என்ன என்பது சீல் வைத்தவனுக்குத்தான் தெரியும்.

டேஷ்போர்டில் ரோஸ்லினுடைய கைடு.
சாயங்காலம் சாப்பாட்டுத் தூக்கோடு ஏறியவள்
மறந்து வைத்துவிட்டு இறங்கிப் போனாள்.
காலையில் லேப் டெக்னீஷியன் பரீட்சை.

"கேள்விய நீ படி, பதில நான் சொல்றேன்" என்கிறாள் போனில்,
பாப்பா தூங்குவதால் குரலைப் பாதியாக்கி.

"சிவப்பணுவின் ஆயுள்?"
"நூத்தி இருபது நாள்."
"எங்க பொறக்குது?"
"எலும்புக்குள்ள, மஜ்ஜைல."
"எங்க சாவுது?"
"மண்ணீரல்ல. சிரிக்காத."

சிரிக்கவில்லை.
கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.
பொங்கலுக்குக் கிருஷ்ணப்பட்டினம் போனபோது
எனக்குள் ஓடிய சிவப்பு
இந்நேரம் முழுக்க மாறியிருக்கும்.
கடன் மட்டும் அதே கடன்.

வண்டி ஒரு லாரி நீளம் நகர்கிறது.
நிற்கிறது.

"வால்வு எதுக்கு?"
"போன ரத்தம் திரும்பி வராம."
"நம்ம கொருக்குப்பேட்ட ரயில்வே கேட்டு மாதிரியா?"
"அது ரெண்டு பக்கமும் அடைக்கும்.
இது ஒரு பக்கந்தான்.
நீ கேள்வி மட்டும் கேளு."

அடுத்த பக்கத்தில் கெண்டைக்கால் படம்.
அந்தத் தசை இறுகினால்தான்
காலில் தேங்கிய ரத்தம் மேலே ஏறுமாம்.
உட்கார்ந்தே பிழைப்பவருக்கு அது தூங்கிப்போகுமாம்.
ஓரத்தில் பென்சிலால்
'சவரி கால்' என்று எழுதி
அடியில் ரெண்டு கோடு.
கிளட்சில் வைத்த பாதத்தை
அவளுக்குத் தெரியாமல் நாலு முறை மடக்கி நீட்டினேன்.

சிறுநீரகம் ஒரு நாளைக்கு
நூற்றெண்பது லிட்டர் வடிகட்டி
ஒன்றரையை மட்டும் வெளியே விடுகிறதாம்.
அந்த ஒன்றரையில் பாதி
இப்போது என்னிடம்தான் இருக்கிறது.
இறங்கினால் பின்னால் நிற்கும் நெல்லூர்க்காரன்
மூக்கை நுழைத்துவிடுவான்.

பக்கத்தைத் திருப்பினேன்.
தாண்டிவிடலாமா என்று யோசிப்பதற்குள்
வாய் படித்துவிட்டது:
"கருவில் இதயத்தின் மேலறைகளுக்கு நடுவே உள்ள துளை
எப்போது மூடும்?"

போனில் ஃபேன் சத்தம்.
யாரோ தண்ணி லாரிக்கு
இப்போதே குடம் வைக்கிறார்கள்.

ஓபி சீட்டின் பின்பக்கம் டாக்டர்
நாலு கட்டம் போட்டார்,
நடுவில் ஒரு வட்டம் போட்டார்,
"இவ்ளோதாம்மா" என்றார்.
இவ்ளோ என்றால் எவ்ளோ என்று
எங்கள் ரெண்டு பேருக்கும் கேட்கத் தெரியவில்லை.
ஜெமிமாவுக்கு அப்போது ஏழு மாதம்.
பால் குடிக்கும்போதே வேர்த்துக் கொட்டும்.
பங்குனி வெயில் என்று நினைத்து
விசிறிக்கொண்டிருந்தோம்.
மடித்து மடித்து அந்தச் சீட்டு
நாலாகக் கிழிந்த பிறகுதான்
ரோஸ்லின் இந்தக் கைடை வாங்கினாள்.

"மொத மூச்சுல" என்றாள் கடைசியில்.
"நுரையீரல் விரியும்.
எடது பக்கம் அழுத்தம் ஏறும்.
கதவு தானா சாத்திக்கும்."

பிறகு,
"சில பேருக்குச் சாத்தாது.
அத கேக்க மாட்டாங்க,
ரெண்டு மார்க்குக் கேள்வி."

பாப்பா பக்கம் போனை வைத்திருப்பாள் போல.
கடலும் இன்ஜின்களும் இருக்க
அதற்கெல்லாம் அடியில்
மூக்கடைத்த ஒரு சின்ன மூச்சு.

"நாலு வயசுக் கொழந்தைக்கு
நிமிஷத்துக்கு எத்தன? எண்ணு.
இப்ப நான் கேக்குறேன்."

எண்ணினேன்.
டேஷ்போர்டு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே.
பதினேழில் பின்னாலிருந்து ஹாரன்.
முன்னால் ரெண்டு வண்டிக்கு இடம் விழுந்திருக்கிறது.
பத்தொன்பதில் தெலுங்கில் ஒரு கெட்ட வார்த்தை.

"இருபத்தி நாலு."
"சரி" என்றாள்.
"வைக்கிறேன். கொஞ்ச நேரம் படுக்கணும்."

இறங்கிக் கருங்கல் பக்கம் போய் நின்றேன்.
அலை கல்லுக்கடியில் புகுந்து
உறிஞ்சிக்கொண்டு போனது.
நெல்லூர்க்காரன் தாண்டினான்,
அவன் வாலைப் பிடித்து இன்னும் ரெண்டு பேர்.
போகட்டும்.